வார்டு முடிந்து வெளியே வந்தால் இன்ஸ்டாவில் நோயாளியின் உறவினர்: கணக்கையே மூடிவிடலாமா?

பாலாற்றுப்பெண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் ஆரணி, வேலூரில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு. போன மாதம் சர்ஜரி வார்டில் போஸ்டிங். அங்கே ஒரு நோயாளிக்கு அட்டெண்டராக இருந்தவர் என் நேம் பேட்ஜைப் பார்த்து வைத்துக்கொண்டு இன்ஸ்டாகிராமில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். முதலில் "சிஸ்டர், நல்லா பார்த்துக்கிட்டீங்க, நன்றி" என்று ஒரு மெசேஜ். சரி என்று விட்டுவிட்டேன். அப்புறம் என் அக்கா கல்யாணப் போட்டோவுக்குக் கீழே கருத்து எழுத ஆரம்பித்தார். பிளாக் செய்தால் வேறு கணக்கில் வருகிறார். போஸ்டிங் முடிந்தும் நிற்கவில்லை.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்திருக்கிறது. நர்சிங் பாடங்களைத் தமிழில் விளக்கி ஒரு பக்கம் நடத்துகிறேன். டிரிப் ரேட் கணக்கு, இன்சுலின் டோஸ் கணக்கு மாதிரி விஷயங்கள். பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோவில் சேர்ந்த பெண்கள்தான் அதிகம் பார்க்கிறார்கள். இப்போது வார்டன், வீட்டில் அப்பா, எல்லோரும் "எல்லாவற்றையும் மூடு" என்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கத்தை விட மனமில்லை. என்ன செய்யலாம்?

குடியாத்தம்_ஹவுஸ்சர்ஜன் எழுதியது:

தங்கச்சி, நானும் மூடு என்றுதான் சொல்வேன். படிப்பு முடியும்வரை பொதுவில் ஒன்றுமே இருக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் கர்நாடகாவின் கதக்கில் மருத்துவமனைக்குள் ரீல்ஸ் எடுத்ததற்காக 38 மருத்துவ மாணவர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள், ஞாபகம் இருக்கலாம். அதே மாதம் சித்ரதுர்காவில் ஆபரேஷன் தியேட்டருக்குள் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் நடத்திய டாக்டருக்கு வேலையே போனது. நம் மாநிலத்திலும் அதே ஆண்டு ஒரு யூடியூபர் பிரசவ அறைக்குள் கேமராவோடு போய்த் தொப்புள் கொடி வெட்டும் வீடியோ போட்டார். சுகாதாரத்துறை அந்த மருத்துவமனை மீது நடவடிக்கை எடுத்தது.

எது சரி, எது தப்பு என்று யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. ஒரு பதிவு வெளியே போய்விட்டால் கல்லூரி முதலில் நம்மைத்தான் கேட்கும். எதற்கு வம்பு?

சத்துவாச்சாரி_வக்கீல் எழுதியது:

பெண்ணின் கேள்வி இரண்டு பாகம். முதல் பாகத்துக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம்.

ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் பின்தொடர்தல் குற்றம். முதல் முறைக்கே மூன்று ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. இதில் "தெளிவாகக் காட்டிய பிறகும்" என்பது முக்கியம். நீ சத்தமில்லாமல் பிளாக் செய்தது புத்திசாலித்தனம்தான். ஆனால் ஒரே ஒரு முறை, ஒரே வரியில், "இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்" என்று எழுதி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு பிளாக் செய்திருந்தால் வழக்குக்குப் பலம் கூடும். அடுத்த கணக்கில் வந்தால் அப்படிச் செய். கோபமாக எழுத வேண்டாம், விளக்கமும் வேண்டாம்.

அடுத்து, கல்லூரியிலும் மருத்துவமனையிலும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அட்டெண்டர் வெளியாள்தானே என்று யாராவது தட்டிக்கழித்தால் நம்பாதே. வேலை செய்யும் இடத்தில் தொடங்கிய தொல்லை இது. போலீஸில் கொடுக்க வேண்டுமென்றால் மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளம் இருக்கிறது, மகளிர் காவல் நிலையமும் இருக்கிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. கணக்கை மூடுகிறாயா இல்லையா என்பது உன் விருப்பம். ஆனால் தொல்லை கொடுத்தவர் சுதந்திரமாகத் திரிய, நீ மட்டும் ஒளிந்துகொள்வது சரியான வரிசை இல்லை.

காட்பாடி_கணினி எழுதியது:

அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று முதலில் யோசிக்க வேண்டும். பேட்ஜில் முழுப்பெயரும் கல்லூரியும் இருந்தால் அதுவே போதும். இன்ஸ்டாவில் அதே பெயரும், அறிமுக வரியில் கல்லூரிப் பெயரும் இருந்தால் ஒரு நிமிடத் தேடல்தான்.

இன்னொரு வழி போன் நம்பர். வார்டில் அட்டெண்டர்கள் நம்பர் கேட்பது வேலூரில் சர்வசாதாரணம். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, மொழி தெரியாமல், லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் "தீதி (அக்கா), ஒரு நம்பர் கொடுங்கள்" என்றால் மனசு கேட்காது. ஆனால் ஒரு நம்பர் கையில் இருந்தால் யூ.பி.ஐ. செயலியில் போட்டு வங்கியில் இருக்கும் பெயரைப் பார்த்துவிடலாம். ட்ரூகாலரில் இன்னொரு பெயர் வரும். அவர் தன் காண்டாக்ட் பட்டியலை இன்ஸ்டாவுக்குக் கொடுத்திருந்தால், உன் கணக்கும் அந்த நம்பரில் இருந்தால், "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று அதுவே உன்னைக் காட்டும்.

அதனால், சொந்தக் கணக்கிலிருந்து நம்பரை எடுத்துவிட்டு மின்னஞ்சலை மட்டும் வை. கணக்கைப் பிரைவேட்டாக்கு. ஆனால் பிரைவேட்டாக்கினால் ஏற்கெனவே பின்தொடர்பவர்கள் போய்விட மாட்டார்கள், அவர்களை உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்து நீக்க வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. வாட்ஸப்பில் புரொஃபைல் படம், லாஸ்ட் சீன், ஸ்டேட்டஸ் எல்லாம் காண்டாக்ட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்று. தெரியாத நம்பர் அழைப்புகளை அமைதியாக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. டெலிகிராமில் "என் நம்பரை யார் பார்க்கலாம்" என்பதை யாருக்கும் வேண்டாம் என்று வை. ட்ரூகாலர் பட்டியலிலிருந்து நம்பரை நீக்கச் சொல்லிக் கேட்கலாம், அவர்கள் தளத்திலேயே வழி இருக்கிறது.

பாடப் பக்கத்தை இதிலிருந்து முழுக்கத் தனியாக வை. வேறு மின்னஞ்சல், வேறு பெயர், உன் சொந்தக் கணக்கை அது பின்தொடரவே கூடாது. குரல் மட்டும் போதும், முகம் வேண்டாம் என்றால் அதுவும் சரி. மூட வேண்டிய அவசியமே இல்லை.

பாலாற்றுப்பெண் எழுதியது:

அண்ணா, நான் யாருக்கும் நம்பர் கொடுக்கவில்லை. பேட்ஜில் முழுப்பெயர் இருக்கிறது, இன்ஸ்டா அறிமுகத்தில் கல்லூரிப் பெயரும் பேட்ச் ஆண்டும் இருக்கின்றன. எங்கள் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். வக்கீல் சார் சொன்ன மாதிரி ஒரு வரி எழுதி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். வகுப்பு ஆசிரியையிடம் நாளை சொல்கிறேன்.

ஆம்பூர்_பிசியோ எழுதியது:

நான் பிசியோதெரபி இறுதி ஆண்டு. கொஞ்சம் எதிர்க்கருத்து சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். ஒளிந்துகொள்ளச் சொல்லும் ஆலோசனை எல்லாத் துறைக்கும் பொருந்தாது. பிசியோவில் நான்கு பேருக்குத் தெரிந்தால்தான் நாளைக்குக் கிளினிக் போட முடியும். தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். முதுகுவலிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு வீடியோ போட்டால் அது சேவைதான்.

இன்னொன்று. பக்கவாதம் வந்தவர் வாக்கர் இல்லாமல் முதன்முதலாக நடக்கும் காட்சியைப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறோம், அவரும் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார். பார்க்கிற இன்னொரு நோயாளிக்கு நம்பிக்கை வருகிறது. அதில் என்ன தப்பு?

பாகாயம்_மூத்த_சிஸ்டர் எழுதியது:

தம்பி, முதுகுவலி வீடியோவைத் தாராளமாகப் போடு. இரண்டாவதைப் பற்றி மட்டும் பேசுவோம். வார்டிலேயே காலத்தைக் கழித்தவள் சொல்கிறேன், கேள்.

நம் ஊர் நோயாளி வெள்ளைக் கோட்டுப் போட்டவரிடம் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். சொன்னால் கவனிப்புக் குறைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். நீ மாணவன்தான் என்பதுகூட அவருக்குத் தெரியாது, உன்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். வாய் கோணியிருக்கிற நேரத்தில், வேட்டி சரியாக இல்லாத நேரத்தில் எடுத்த படத்துக்கு அவர் தலையாட்டினார் என்றால், அந்தத் தலையாட்டலில் எவ்வளவு சம்மதம், எவ்வளவு நன்றிக்கடன் என்று உன்னால் பிரித்துச் சொல்ல முடியுமா? டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபிறகு, எங்கே போடப் போகிறாய், யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கேள். அப்போதும் சரி என்றால் அது சம்மதம். எழுத்திலும் வாங்கு, துறைத்தலைவரிடமும் அனுமதி கேள்.

1986-இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டதில் நம் வேலூருக்கும் பங்கு உண்டு. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா பெண்களிடம் சேகரித்த ரத்த மாதிரிகள் ரயிலில் காட்பாடி வந்து, சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வகத்தில்தான் பரிசோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. கண்டுபிடித்த மாணவியின் பெயர் நமக்குத் தெரியும். அந்தப் பெண்களின் பெயர் அந்த வரலாற்றில் எங்கும் வருவதில்லை. அன்றைக்கு ஒருவர் வாய் தவறியிருந்தால் அவர்கள் வாழ்ந்த தெருவே அவர்களை விரட்டியிருக்கும். நிர்மலாவும் அன்றைக்கு உங்களை மாதிரி மாணவிதான்.

பேர்ணாம்பட்டு_அண்ணன் எழுதியது:

நான் மருத்துவத் துறை இல்லை. இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

குடியாத்தம் பக்கம் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, தங்கை முறை. மனம் உடைந்து உயிரை விடத் துணிந்துவிட்டாள். ஒரு மருத்துவமனையில் காப்பாற்றினார்கள். அந்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நாங்கள் கடைசிவரை கடமைப்பட்டவர்கள், அதில் மாற்றமில்லை. ஆனால் அன்றிரவு டியூட்டியில் இருந்த ஒரு மாணவர் அதைப் பதிவாக எழுதினார். பெயர் போடவில்லை, படம் போடவில்லை. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா இரவு, பக்கத்துக் கிராமம், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண், எங்கள் குழு எப்படிப் போராடி மீட்டது என்று உருக்கமாக எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதினார்.

எங்கள் ஊரில் கல்லூரிக்குப் போகும் பெண்களை விரல் விட்டு எண்ணலாம். திருவிழா அன்று ஆம்புலன்ஸ் வந்ததை ஊரே பார்த்தது. அந்தப் பதிவு யார் யாரோ பகிர்ந்து எங்கள் ஊர் வாட்ஸப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. வயிற்றுவலி என்று நாங்கள் சொல்லி வைத்திருந்தது போனது. பேச்சு நடந்துகொண்டிருந்த ஒரு சம்பந்தம் அப்படியே நின்றது. அவள் இப்போதும் கீழ்த்தெரு வழியாகப் போவதில்லை.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். உங்களுக்கு அவள் ஒரு கேஸ். எங்கள் ஊரில் திருவிழா, வயது, படிப்பு மூன்றையும் சொன்னால் அது அவள் வீட்டு வாசல்.

பாகாயம்_மூத்த_சிஸ்டர் எழுதியது:

தம்பி, அவளை நலம் விசாரித்ததாகச் சொல். அந்த மாணவர் சார்பாக என்னால் மன்னிப்புக் கேட்க முடியாது, ஆனால் எங்கள் துறை அவளுக்குப் பட்ட கடன் இது.

குடியாத்தம்_ஹவுஸ்சர்ஜன் எழுதியது:

நான் அதே பக்கத்துக்காரன். அண்ணன் சொல்வது முழுக்க உண்மை. நகரத்தில் "குடியாத்தம் பக்கம்" என்றால் லட்சம் பேர். ஊரில் அது ஒரே ஆள்.

ஒரு சந்தேகம் மட்டும் கேட்கிறேன். நாங்கள் படிப்பதே கேஸ்களைப் பேசித்தான். யூனிட் வாட்ஸப் குழுவில் எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. போட்டு டியூட்டி டாக்டரிடம் கேட்பது தினமும் நடப்பது. ராத்திரி இரண்டு மணிக்கு சீனியர் வீட்டில் இருக்கும்போது வேறு வழியும் இல்லை. அதையும் தப்பு என்றால் நோயாளிக்குத்தான் நஷ்டம்.

காட்பாடி_கணினி எழுதியது:

சிகிச்சைக்காகக் கேட்பதும் லைக்குக்காகப் போடுவதும் ஒன்றில்லை, சார். ஆனால் எப்படி அனுப்புகிறோம் என்பதில் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன.

எக்ஸ்ரே, ஸ்கேன் படத்தின் மூலையில் பெயர், வயது, மருத்துவமனை எண், தேதி எல்லாம் இருக்கும். ஈ.சி.ஜி. தாளில் மேலே இருக்கும். படம் எடுக்கும்போதே அந்த இடம் வராமல் எடுங்கள். பிறகு மறைக்கிறேன் என்று போனில் ஹைலைட்டர் பேனாவால் தீற்றினால், அது பாதி ஒளி ஊடுருவும் நிறம், வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து மீண்டும் தெரியும். கேஸ் பிரசன்டேஷனுக்குப் பவர்பாயிண்டில் படத்தை ஓரம் வெட்டுகிறீர்கள் அல்லவா? வெட்டிய பகுதி கோப்புக்குள் அப்படியே இருக்கும். அந்தக் கோப்பைக் குழுவில் போட்டால் யார் வேண்டுமானாலும் வெட்டை நீக்கிப் பெயரைப் படிக்கலாம். படத்தைச் சுருக்கும் வசதியில் வெட்டிய பகுதிகளை நீக்கு என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட வேண்டும். அல்லது முதலிலேயே வெளியில் வெட்டிவிட்டுச் சேர்க்க வேண்டும்.

வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் எடுத்த இடம் முதலான மறைதகவல்கள் நீங்கிவிடும். தெளிவாகத் தெரிய வேண்டும் என்று டாக்குமெண்ட்டாக அனுப்பினால் எல்லாம் கூடவே போகும். வந்த படம் தானாக கேலரியில் சேரும், அந்த ஃபோல்டருக்கு பேக்கப் போட்டிருந்தால் கூகுள் போட்டோஸுக்கும் போகும். வீட்டில் டிவியில் குடும்பப் படங்கள் ஓடும்போது நடுவில் ஒரு நோயாளியின் புண் வரும். கேலரியில் சேராதபடி அந்தக் குழுவுக்கு மட்டும் மாற்றி வைக்கலாம். மறையும் மெசேஜ் வசதியையும் போடலாம். யூனிட் மாறியவர்களைக் குழுவிலிருந்து நீக்குகிறீர்களா என்று ஒரு முறை பாருங்கள்.

சத்துவாச்சாரி_வக்கீல் எழுதியது:

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

டாக்டர்களுக்கு 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் இருக்கின்றன. தொழில்வழி அறிந்த நோயாளியின் ரகசியத்தை வெளியிடக்கூடாது, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டும். அடையாளம் தெரியும்படி படமோ கேஸ் விவரமோ அனுமதியின்றி வெளியிடக்கூடாது. 2023 ஆகஸ்டில் சமூக ஊடகத்துக்குத் தனி வழிகாட்டுதலோடு புதிய விதிகள் வந்தன, அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டு பழைய விதிகளுக்கே திரும்பினார்கள். மாணவர் இன்னும் டாக்டராகப் பதிவு பெற்றவர் இல்லையே என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை தனி, கீழே சொல்லும் சட்டங்கள் தனி.

எச்.ஐ.வி. நிலையை நம்பிக்கையின் பேரில் அறிந்தவர் சம்மதமின்றிச் சொல்லக்கூடாது என்பது 2017 சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதே 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருப்பவரின் படமோ தகவலோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குப் போகக்கூடாது என்கிறது. மின்னணு வடிவில் இருக்கும் தகவலுக்கும் ரகசியம் காக்கும் உரிமை உண்டு என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது நியாய சன்ஹிதா 72-வது பிரிவில் இரண்டு ஆண்டுகள் வரை சிறை. 2024-இல் கொல்கத்தா பெண் மருத்துவர் வழக்கில் அவர் பெயரையும் படத்தையும் நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டி வந்தது. அனுதாபத்தில் பகிர்ந்தவர்களில் மருத்துவ மாணவர்களும் நிறையப் பேர்.

ஆம்பூர்_பிசியோ எழுதியது:

பேர்ணாம்பட்டு அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு வாதம் செய்ய ஒன்றுமில்லை. இனி பயிற்சி வீடியோக்களுக்கு என் வகுப்புத் தோழன்தான் மாடல். நோயாளியின் முகம், நடை, வீடு எதுவும் வராது. நடையைப் பார்த்தே ஊர்க்காரர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள் என்பதும் இப்போது உறைக்கிறது.

ஒரு கேள்வி பாக்கி. வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது நம் பழைய பதிவுகளைப் பார்ப்பார்களா?

பாகாயம்_மூத்த_சிஸ்டர் எழுதியது:

பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே இருங்கள். பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சில் சமூக ஊடகத்துக்கென்றே வழிகாட்டுதல் வைத்திருக்கிறது, அங்கே போகிறவர்கள் புறப்படும் முன்பே படித்துவிடுங்கள். ஆனால் வெளிநாட்டுக்காரனுக்குப் பயந்து ஒழுங்காக இருக்கச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நான் அதிகம் வருத்தப்படுவது ரீல்ஸைப் பார்த்து இல்லை. நைட் டியூட்டி முடிந்த எரிச்சலில் ஸ்டேட்டஸில் போடும் ஒரு வரிதான். "இன்னைக்கு வந்த அட்டெண்டர் டார்ச்சர்", "தமிழும் தெரியாது இங்கிலீஷும் தெரியாது, வந்துட்டாங்க" என்ற மாதிரி. நிலத்தை விற்று, இரண்டு நாள் ரயிலில் வந்து, தோட்டப்பாளையத்தில் அறை எடுத்து, மூட்டையோடு வரிசையில் நிற்கிறவர்களைப் பற்றி எழுதும் வரி அது. அவர்கள் அதைப் படிக்க மாட்டார்கள். உன் ஜூனியர் படிப்பாள், இப்படிப் பேசலாம் போலிருக்கிறது என்று கற்றுக்கொள்வாள். எரிச்சல் வருவது இயற்கை. அறைத்தோழியிடம் புலம்பு, என்னிடம் வந்து புலம்பு, எழுத்தில் வேண்டாம்.

யூனிஃபார்மில் படம் போடலாமா என்று என் மாணவிகள் கேட்பார்கள். விளக்கேற்றும் விழா, பட்டமளிப்பு, அம்மா அப்பாவோடு கல்லூரி வாசலில் நிற்கும் படம், இதெல்லாம் பெருமை, தாராளமாகப் போடட்டும். வார்டுக்குள் எடுத்தது வேண்டாம். பின்னால் கட்டிலும் போர்டும் நோயாளியின் காலும் தெரியும்.

பாலாற்றுப்பெண் எழுதியது:

வகுப்பு ஆசிரியை புகாரை எழுத்தில் வாங்கி உள்குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். பேட்ஜில் முழுப்பெயருக்குப் பதில் முதல் பெயரும் எண்ணும் போதுமா என்று கல்லூரி யோசிப்பதாகவும் சொன்னார்.

சொந்தக் கணக்கைப் பிரைவேட்டாக்கி, கல்லூரிப் பெயரை எடுத்து, தெரியாதவர்களை நீக்கிவிட்டேன். பாடப் பக்கம் தொடரும், முகம் இல்லாமல். டோஸ் கணக்குகளில் வரும் நோயாளிகள் எல்லோரும் நானே கற்பனை செய்தவர்கள் என்று முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இந்த இழையைக் காட்டினேன். சிஸ்டர் எழுதியதை இரண்டு முறை படித்தார், பக்கத்தை மூடச் சொல்லவில்லை.

பேர்ணாம்பட்டு_அண்ணன் எழுதியது:

வக்கீல் சார், அந்தப் பழைய பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. எடுக்க வைக்க முடியுமா?

சத்துவாச்சாரி_வக்கீல் எழுதியது:

முடியும், முயற்சி செய்வோம். முதலில் எழுதியவருக்கே ஒரு செய்தி அனுப்புங்கள். நல்ல எண்ணத்தில் எழுதியவர் என்றால் உடனே எடுத்துவிடுவார். எடுக்காவிட்டால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 7 நாளுக்குள் முடிக்க வேண்டும் (2026 பிப்ரவரிக்கு முன் இது 15 நாளாக இருந்தது). கூடவே கல்லூரி முதல்வருக்கும் ஒரு கடிதம்.

பேர்ணாம்பட்டு_அண்ணன் எழுதியது:

கடிதத்தில் அவள் பெயரை எழுத வேண்டுமா? அதற்குத்தான் பயப்படுகிறாள்.

சத்துவாச்சாரி_வக்கீல் எழுதியது:

வேண்டாம். உங்கள் பெயரில், உறவினர் என்று எழுதுங்கள். பதிவின் இணைப்பும் ஸ்கிரீன்ஷாட்டும் போதும். வரைவைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், இங்கே போட வேண்டாம்.